வேகமான வாள்சண்டை கேமை விமர்சிப்பது எப்படி? ‘மெட்டல் கியர் ரைசிங்’கை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

வாள்சண்டை கேம்களுக்கு வரும் விமர்சனங்களில் பாதியை டிரெய்லர் பார்த்தே எழுதிவிடலாம். ‘காம்போ (தொடர் வெட்டுகள்) அருமை, கிராஃபிக்ஸ் மிரட்டல், கேமரா சொதப்பல், கதை சுமார், 10க்கு 8.’ இதைப் படித்துவிட்டு வாங்கலாமா வேண்டாமா என்று யாராலும் முடிவெடுக்க முடியாது. ஏனென்றால் இந்த வகை கேம் எதுவாக இருந்தாலும் நம் நாயகனின் வாள் அழகாகத்தான் சுழலும். அதற்காகத்தான் அனிமேஷன் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். கேமுக்குக் கேம் வித்தியாசம் தெரிவது எதிரி வாள் வீசும்போது. அந்த அரை நொடியில் கேம் உங்கள் கையில் எந்த வழியைக் கொடுக்கிறது, எவ்வளவு அவகாசம் தருகிறது, சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும், தவறினால் என்ன போகும்? இந்த நான்குக்கும் பதில் சொல்லிவிட்டால் விமர்சனத்தின் முக்கால்வாசி வேலை முடிந்தது.

எப்படிப் பதில் கண்டுபிடிப்பது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். உதாரணம் இல்லாமல் பேசினால் காற்றில் வாள் வீசுவதுபோல் ஆகிவிடும். அதனால் ‘மெட்டல் கியர் ரைசிங்: ரிவெஞ்சன்ஸ்’ என்ற ஒரே கேமை முழுக்கப் பிடித்துக்கொள்கிறேன். 2009 இ3 கேம் விழாவில் கோஜிமா புரொடக்‌ஷன்ஸ் சொந்தமாகச் செய்வதாக அறிவித்த கேம் இது. எதை வேண்டுமானாலும் வெட்டலாம் என்ற யோசனையைச் சுற்றி ஒரு முழு கேமைக் கட்ட அவர்களால் முடியவில்லை. திட்டம் கைவிடப்பட்டு, பிளாட்டினம்கேம்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போய், கெஞ்சி சைட்டோ இயக்கத்தில் 2013 பிப்ரவரியில் வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் ‘செகிரோ’, ‘நிஞ்ஜா கைடன்’, ‘கோஸ்ட்ரன்னர்’ என்ற மற்ற வாள்சண்டை கேம்கள் வந்து போகும்.

படி 1: முதலில் உங்கள் டிவியைச் சந்தேகப்படுங்கள்

நொடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். கண்ணில் ஒன்று பட்டதும் விரல் அசைய, சாதாரண மனிதருக்கு 200 முதல் 250 மில்லிசெகண்ட் பிடிக்கும். அதாவது 12 முதல் 15 ஃபிரேம். எதிரி வாளை ஓங்கியதிலிருந்து அது உங்கள் மேல் விழும் வரை 25 ஃபிரேம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் பாதியை உங்கள் நரம்பே தின்றுவிட்டது. மீதியில் டிவி கை வைத்தால் என்ன மிஞ்சும்? கேம் மோடு போடாத பல டிவிகள், படத்தை மெருகேற்றுகிறேன் என்று 50 மில்லிசெகண்டுக்கு மேல் சாதாரணமாகத் தாமதப்படுத்தும். அதில் விளையாடிவிட்டு ‘பேரி (எதிரியின் அடியைச் சரியான கணத்தில் தடுப்பது) டைமிங் அநியாயம்’ என்று எழுதினால், திட்டு வாங்க வேண்டியது டிவி, வாங்குவது கேம்.

இதைச் சோதிக்க கருவி எதுவும் வாங்க வேண்டாம். இப்போது பல போன்களில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் இருக்கிறது. கண்ட்ரோலரும் திரையும் ஒரே சட்டகத்துக்குள் வருகிற மாதிரி போனை நிறுத்துங்கள். தாக்குதல் பட்டனைப் பத்துப் பதினைந்து முறை விட்டுவிட்டு அழுத்துங்கள். பிறகு வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, கட்டைவிரல் பட்டனைக் கீழே தள்ளிய இடத்திலிருந்து நாயகனின் தோள் அசையத் தொடங்கும் இடம் வரை எண்ணுங்கள். 240 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 4 மில்லிசெகண்டுக்குச் சற்றே கூடுதல். 24 ஃபிரேம் வந்தால் மொத்தத் தாமதம் 100 மில்லிசெகண்ட். ஒரே டிவியில் இரண்டு மூன்று கேம்களை இப்படி அளந்தால் டிவியின் பங்கு எது, கேமின் பங்கு எது என்பது பிடிபட்டுவிடும். கம்பியில்லா கண்ட்ரோலரையும் கேபிள் போட்டு ஒருமுறை சோதியுங்கள்.

எந்த இயந்திரத்தில் விளையாடினீர்கள் என்பதும் விமர்சனத்தில் வந்தாக வேண்டும். ரைசிங்கின் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புகள் 60 ஃபிரேமைக் குறி வைத்தவை. ஆனால் நாலைந்து பேரைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகள் பறக்கும்போது மூச்சு வாங்கும். 2014 ஜனவரியில் வந்த பிசி பதிப்பில் அந்தத் தொல்லை குறைவு. அங்கேயும் 60க்கு மேல் போகாமல் பூட்டு போட்டிருக்கிறார்கள். எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் ‘வெண்ணெய்போல ஓடுகிறது’ என்று எழுதுவதில் யாருக்கும் பயனில்லை.

படி 2: முதல் ஒரு மணி நேரம், பேனாவைத் தொடாதீர்கள்

முதல் மணி நேரம் உங்களை வசப்படுத்துவதற்கென்றே செய்த பகுதி. ரைசிங்கின் முன்னோட்ட அத்தியாயத்திலேயே, கட்டடம் உயரத்துக்கு நிற்கும் மெட்டல் கியர் ரே என்ற ரோபோவின் வெட்டைத் தாங்கி, அதையே தூக்கி எறிகிறான் நாயகன் ரைடன். பின்னணியில் பாட்டு வெடிக்கிறது. அந்த நிமிடத்தில் மதிப்பெண் போடச் சொன்னால் 10க்கு 11 போடுவீர்கள். அதனால்தான் எழுத வேண்டாம் என்கிறேன்.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: கேம் எதைச் சொல்லிக்கொடுக்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது? ரைசிங்கின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. இதில் காவல் காக்கத் தனி பட்டன் கிடையாது. எதிரியை நோக்கி இடது ஸ்டிக்கைத் தள்ளி, அதே நேரத்தில் லேசான தாக்குதல் பட்டனை அழுத்தினால் அதுதான் பேரி. இந்த ஒன்றைப் பிடித்தால்தான் கேம் உங்களுடையது. ஆனால் இவ்வளவு முக்கியமான விஷயத்தை ஒரு குறிப்புத் திரையில் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. விலகித் தப்பும் வித்தையோ இன்னும் மோசம். அது தொடக்கத்தில் உங்களிடம் இருக்காது, திறன் பட்டியலுக்குள் ‘டிஃபென்சிவ் அஃபென்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு உட்கார்ந்திருக்கும். பெயரைப் பார்த்தால் டாட்ஜ் என்று யாருக்கும் தோன்றாது. கடைசி வரை அதை வாங்காமலே முடித்துவிட்டு ‘இதில் டாட்ஜே இல்லை’ என்று புலம்பியவர்கள் நிறைய.

செகிரோவில் பாருங்கள், பாழடைந்த கோயிலருகே ஹன்பெய் என்று ஒருவர் நிற்பார். எத்தனை முறை வெட்டினாலும் சாக மாட்டார். ஒவ்வொரு நகர்வையும் அவரிடம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பழகலாம். கடினத்துக்குப் பேர்போன கேம் பயிற்சி ஆளை நிறுத்தி வைக்கிறது, ‘ஸ்டைலாக வெட்டித் தள்ளு’ என்று கூப்பிடும் கேம் குறிப்புத் திரையோடு கைகழுவுகிறது. இந்த மாதிரி முரண்தான் விமர்சனத்துக்குத் தீனி.

படி 3: சாவுக் கணக்கு எழுதுங்கள்

இனி பேனாவை எடுக்கலாம். ஒவ்வொரு முறை சாகும்போதும் ஒரே வரி. இடம், எதிரி, காரணம். காரணத்தை மட்டும் மூன்றில் ஒன்றாகப் போடுங்கள்: ‘நான்’, ‘கேம்’, ‘தெரியவில்லை’.

‘நான்’ என்றால் பார்த்தேன், புரிந்தது, கை தாமதம். ‘கேம்’ என்றால் திரைக்கு வெளியே இருந்து அடி வந்தது, கேமரா சுவருக்குள் புகுந்தது, அழுத்திய பட்டன் பதிவாகவில்லை. ‘தெரியவில்லை’ என்றால் என்ன அடித்தது என்றே புரியவில்லை.

மூன்றாவது வகையைத்தான் நான் அதிகம் நம்புவேன். கோபத்தில் எழுதும்போது ‘கேம்’ பக்கம் சாய்வோம், அடக்கத்தில் எழுதும்போது ‘நான்’ பக்கம் சாய்வோம். ‘தெரியவில்லை’ மட்டும் நேர்மையாக விழும். நல்ல வாள்சண்டை கேமில் நேரம் போகப் போக ‘தெரியவில்லை’ குறைந்து ‘நான்’ கூடும். கடைசி அத்தியாயத்திலும் ‘தெரியவில்லை’ குறையவில்லை என்றால் அந்த கேம் வேகமாக இல்லை, குழப்பமாக இருக்கிறது.

ரைசிங்கில் இந்தக் கணக்கு எப்படி நகரும் என்றால், பிளேடுவுல்ஃப் என்ற நாய் வடிவ ரோபோ பாஸ் (அத்தியாயத்தின் பெரிய எதிரி) வரை ‘தெரியவில்லை’ நிரம்பி வழியும். அங்கே பேரி கைவந்ததும் சட்டென்று குறையும். பிறகு இரண்டு கொரில்லா உடல்வாகு ரோபோக்கள் ஒன்றாக வரும் இடங்களில் ‘கேம்’ என்ற வரி கூடத் தொடங்கும். ஒன்றைப் பார்த்து நின்றால் இன்னொன்று முதுகுப் பக்கத்திலிருந்து பிடிக்கும். அந்தப் பிடிக்கு பேரி செல்லாது.

படி 4: தடுப்பைக் கழற்றிப் பாருங்கள்

விமர்சனத்தின் இதயம் இதுதான், அவசரப்படாதீர்கள். ஒற்றை எதிரி இருக்கும் இடத்துக்குப் போங்கள். தாக்கவே வேண்டாம். பத்து நிமிடம் தடுத்துக்கொண்டு மட்டும் இருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது அறிகுறி. அடி வருகிறது என்பதை கேம் எப்படிச் சொல்கிறது? ரைசிங்கில் தடுக்கக்கூடிய அடி என்றால் எதிரியிடம் சிவப்பு மின்னும். தடுக்க முடியாதது மஞ்சள். செகிரோவில் ஆபத்தான அடிக்கு ஒரே சிவப்பு எழுத்துதான் மேலே எழும். அது குத்தா, காலுக்குக் கீழே வரும் வீச்சா, பிடியா என்பதை எதிரியின் உடம்பைப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். குத்துக்கு முன்னே பாய்ந்து மிதிக்க வேண்டும், வீச்சுக்குக் குதிக்க வேண்டும், பிடிக்கு விலக வேண்டும். ஒன்று நிறத்தைப் பார்த்து விளையாடும் கேம், இன்னொன்று தோளையும் முழங்காலையும் பார்த்து விளையாடும் கேம். எது உயர்வு என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வாசகர் எதைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறார் என்று சொல்லுங்கள், போதும்.

அடுத்தது அவகாசம். அதே 240 ஃபிரேம் வீடியோவை வைத்து, மின்னல் தெரிந்ததிலிருந்து அடி விழும் வரை எண்ணலாம். துல்லியமாக வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரே எதிரியின் இரண்டு அடிகளுக்கு இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தாலே எழுத நிறையக் கிடைக்கும். பட்டனைச் சும்மா தட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். செகிரோ இதை எதிர்பார்த்தே வடிவமைத்திருக்கிறது. பதற்றத்தில் தடுப்பு பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டினால், துல்லியத் தடுப்புக்கான அவகாசம் சுருங்கிவிடும்.

மூன்றாவது, தடுப்பு எதற்கு இட்டுச்செல்கிறது? ரைசிங்கில் தடுப்பும் தாக்குதலும் ஒரே அசைவு. ஸ்டிக் முன்னால் போகிறது, தாக்குதல் பட்டன் அழுந்துகிறது. அடி வந்தால் அது பேரி, வராவிட்டால் அது வெட்டு. சரியான கணத்தில் விழுந்தால் பேரியே எதிர்வெட்டாக மாறும். அதாவது பின்வாங்கு என்று கேம் ஒருபோதும் சொல்வதில்லை. பயந்தாலும் முன்னால்தான் போக வேண்டும். இந்த ஒரு முடிவிலிருந்துதான் அந்த கேமின் முழு வேகமும் பிறக்கிறது. 2004இல் வந்த நிஞ்ஜா கைடனில் காவல் தனி பட்டன். காவலில் நின்றபடி ஸ்டிக்கைத் தள்ளினால் நாயகன் ரியு உருண்டு விலகுவான். அங்கே தாளம் வேறு: காவல், உருளல், இடைவெளி கண்டதும் பாய்ச்சல். இரண்டும் வேகமான கேம்தான், ஆனால் ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறும். ‘நிஞ்ஜா கைடன் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும்’ என்ற வரியை எழுதும் முன் இதை யோசியுங்கள்.

கடைசியாக, தவறினால் விலை என்ன? கோஸ்ட்ரன்னரில் ஒரே அடி, ஆட்டம் முடிந்தது. எதிரிக்கும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் பட்டன் தட்டியதும் அதே அறையின் வாசலில் நிற்பீர்கள். விலை உயிர், ஆனால் அந்த உயிர் மலிவு. அதனால் அந்த மாதிரி கேமில் மறுபடி தொடங்க ஆகும் நேரத்தையும் எழுதுங்கள். ஒரு நொடியா, லோடிங் திரையோடு இருபது நொடியா என்பதில் கேமின் குணமே மாறிவிடும்.

படி 5: இனி வாளை வீசலாம்

கண்ணை மூடிக்கொண்டு ஒரு சோதனை. காற்றில் ஒருமுறை வெட்டுங்கள், மரப்பெட்டியில் ஒருமுறை, கவசம் போட்ட எதிரியின் மேல் ஒருமுறை. ஒலியையும் கையில் வரும் அதிர்வையும் மட்டும் வைத்து மூன்றையும் பிரித்துச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் வாளுக்கு எடை இருக்கிறது. வாள் உடலில் படும் கணத்தில் இருவரும் சில ஃபிரேம்கள் உறைந்து நிற்பதை ‘ஹிட்ஸ்டாப்’ என்பார்கள். அது இல்லாவிட்டால் எவ்வளவு ரத்தம் தெறித்தாலும் புகையை வெட்டுவது மாதிரிதான் இருக்கும். அளவுக்கு மிஞ்சினால் கேம் திக்கித் திக்கி ஓடுவதுபோலத் தோன்றும்.

காம்போ பட்டியலின் நீளத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கேட்க வேண்டியது, அந்தப் பட்டியலில் எத்தனையை நீங்கள் வேண்டுமென்றே பயன்படுத்தினீர்கள் என்பது. கூடவே, தொடங்கிய வெட்டைப் பாதியில் விட்டுவிட்டுத் தடுக்க முடிகிறதா என்பதையும் சோதித்துப் பாருங்கள். நீளமான காம்போவின் நடுவில் மாட்டிக்கொண்டு எதிரியின் அடியை வேடிக்கை பார்க்க வைத்தால், கேம் உங்களைப் பேராசைக்காகத் தண்டிக்கிறது. அது நியாயமான வடிவமைப்பாகவும் இருக்கலாம். ஆனால் எந்த வெட்டில் மாட்டுவோம், எதில் மாட்ட மாட்டோம் என்பது முன்கூட்டியே கைக்குத் தெரிய வேண்டும்.

ரைசிங்கின் விளம்பரமே பிளேடு மோடுதான். பட்டனைப் பிடித்துக்கொண்டால் நேரம் மெதுவாகும், வலது ஸ்டிக்கால் வெட்டும் கோணத்தை வைத்துக்கொள்ளலாம், எத்தனை துண்டு விழுந்தது என்று திரையில் எண்ணிக்கை ஓடும். எதிரியின் உடலில் தெரியும் சிவப்புச் சதுரத்தைச் சரியாகப் பிளந்தால் ரைடன் உள்ளே கைவிட்டு முதுகெலும்பை உருவிக் கசக்குவான். உயிரும் மின்சக்தியும் நிரம்பிவிடும். கேட்கக் குரூரமாக இருக்கும், விளையாட அற்புதமாக இருக்கும். மருந்தைத் தேடி ஓட வேண்டாம், மருந்து எதிரிக்குள் இருக்கிறது. சாகப் போகிறோம் என்ற நிலையில் ஓடி ஒளியாமல் இன்னொருவன் மேல் பாய்வதுதான் புத்திசாலித்தனம் என்று ஆகிவிடுகிறது. படி 4இல் சொன்ன ‘முன்னால் போ’ என்ற கட்டளையேதான் இதுவும்.

அதே சமயம் கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டுவிட வேண்டும்: கோணம் உண்மையிலேயே அவசியமா? நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலான நேரம் இல்லை. சிவப்புச் சதுரம் வந்தால் அதன் நடுவே ஒரு கோடு, மற்றபடி ஸ்டிக்கை இங்கும் அங்கும் ஆட்டினாலே எதிரி கத்தரிக்காய்த் துண்டுகளாகிவிடுவான். தகவல் சில்லு இருக்கும் இடது கையை மட்டும் வெட்டி எடுக்கும் இடங்களும், சன்டவுனர் என்ற பாஸின் கேடயங்களும்தான் துல்லியம் கேட்பவை. ஒரு கேம் தன் தலையாய வித்தையை எத்தனை இடத்தில் நிஜமாகவே கேட்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். எந்த கேமுக்கும் பொருந்தும்.

படி 6: கேமராவுக்குத் தனி விசாரணை

‘கேமரா சொதப்பல்’ என்று ஒரு வார்த்தையில் முடிக்காதீர்கள். எப்போது, எதனால், விளைவு என்ன?

ரைசிங்கில் இது ஏன் வலிக்கிறது என்று பாருங்கள். பேரிக்கு எதிரி இருக்கும் திசையில் ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். திசை என்பது கேமரா பார்க்கும் பார்வையைப் பொறுத்தது. சுவர் ஓரமாக ஒதுக்கப்பட்டதும் கேமரா சட்டென்று திரும்பும். ஒரு கணம் முன்பு மேல்பக்கமாக இருந்த எதிரி இப்போது வலப்பக்கம். கட்டைவிரல் மேலே தள்ளிய நிலையிலேயே இருக்கிறது. பேரி விழாது, அடி விழும். மற்ற கேம்களில் கேமரா கெட்டால் பார்வை மட்டும்தான் கெடும். இங்கே பட்டனே மாறிவிடுகிறது. காரணத்தை இப்படி ஒரு பத்தியில் சொல்லிவிட்டால், லாக் ஆன் வைத்து கேமராவை எதிரி மேலேயே பூட்டிக்கொள்வதும் சுவரை விட்டு நடுக்களத்துக்கு வருவதும் ஏன் உதவுகின்றன என்று வாசகருக்கே விளங்கும். குறையைச் சொன்ன மாதிரியும் ஆச்சு, வழி சொன்ன மாதிரியும் ஆச்சு.

திரைக்கு வெளியே நிற்கும் எதிரிகள் அடிக்கிறார்களா, பொறுக்கிறார்களா, ஒலியாலாவது எச்சரிக்கிறார்களா என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். மூன்று எதிரிகள் இருக்கும் அறையில் ஒருவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படி 7: பாஸ் என்பது பரீட்சை, வினாத்தாளைப் படியுங்கள்

ஒவ்வொரு பாஸையும் பற்றி ‘இவன் எதைச் சோதிக்கிறான்?’ என்று ஒரே வரியில் எழுத முடிய வேண்டும். எழுத முடியாத பாஸ் வெறும் உயிர்க்கோடு நீளமான எதிரி.

மான்சூனை எடுத்துக்கொள்வோம். காந்தசக்தியால் உடம்பைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துக்கொள்பவன், அந்த நிலையில் உங்கள் வாள் அவனை ஊடுருவிப் போகும், காயம் இருக்காது. புகைக்குள்ளிருந்து தொடர்ச்சியாக அடிகள் வரும், ஒவ்வொன்றையும் பேரி செய்தாக வேண்டும். பட்டனைக் கண்டபடி தட்டியே அதுவரை வந்து சேர்ந்த பலரும் கேமைக் கைவிடும் இடம் இதுதான். பேரி தெரிந்தவருக்கோ மொத்த கேமிலும் இனிமையான சண்டை இது. ஒரே பாஸைப் பற்றி இரண்டு பேர் நேர் எதிராகப் பேசினால், இடையில் கேம் சொல்லிக்கொடுக்காத பாடம் ஒன்று இருக்கிறது என்று பொருள். இங்கே அது படி 2இல் பார்த்த குறிப்புத் திரை.

சன்டவுனர் கேட்பது கோணம். அவன் கேடயங்கள் சாதாரண வெட்டுக்கு வெடிக்கும், பிளேடு மோடில் காட்டும் கோட்டின்படி வெட்டினால்தான் விழும். யோசனை நன்றாக இருக்கிறது, சண்டை சப்பென்றிருக்கிறது. வெட்டும் கோட்டைத் திரையே வரைந்து காட்டிவிட்டால் அப்புறம் பரீட்சை எங்கே?

கடைசி பாஸ் செனட்டர் ஆம்ஸ்ட்ராங் இன்னும் சுவாரசியம். நடுவில் உங்கள் வாளையே உடைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்க வைப்பார்கள். எவ்வளவு குத்தினாலும் செனட்டருக்கு உறைக்காது. இந்த அளவுக்குச் சொல்லலாம். புதிய கேமாக இருந்தால் இதையும் சொல்லக் கூடாது. 2013இல் வந்ததற்கு இவ்வளவு தாராளம் போதும்.

பாஸ் சண்டையில் இசையையும் கவனியுங்கள். ரைசிங்கின் பாஸ் பாடல்கள் முதலில் இசையாக மட்டும் ஓடும், சண்டை உச்சத்துக்கு வரும்போதுதான் குரல் சேரும். நீங்கள் ஜெயிக்கப் போகிறீர்கள் என்பதை உயிர்க்கோட்டைப் பார்க்காமலே காது சொல்லிவிடும். பத்து வருடம் தாண்டியும் இணையத்தில் இந்தப் பாடல்கள் ஓடிக்கொண்டிருப்பதற்கு ராகம் மட்டும் காரணமில்லை, அவை வந்து சேரும் இடமும்தான்.

படி 8: ஒரே அத்தியாயம், இரண்டு கடினநிலை

முழு கேமையும் இருமுறை முடிக்க நேரம் இருக்காது. ஒரு அத்தியாயத்தை மட்டும் சாதாரண நிலையிலும் அதற்கு மேல் நிலையிலும் ஆடுங்கள். எதிரியின் உயிரும் அடியின் வலுவும் மட்டும் கூடியிருக்கிறதா, அல்லது எதிரிகளே மாறியிருக்கிறார்களா? ரைசிங்கின் உச்ச நிலைக்குப் பெயர் ரிவெஞ்சன்ஸ். அதில் எதிரியின் அடி மரண அடி. ஆனால் கச்சிதமான பேரியின் எதிர்வெட்டும் ராட்சத அடியாக மாறிவிடும். விளைவாக, டைமிங் பழகியவருக்கு அதற்குக் கீழே உள்ள நிலையைவிட இதுவே சில சண்டைகளில் சீக்கிரம் முடியும். எண்களை ஏற்றுவதற்கும் விதியை மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

எளிய நிலையையும் தொட்டுப் பாருங்கள். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடும் வாசகருக்கு அதுதான் கேம். நிஞ்ஜா கைடன் பிளாக்கில், அடிக்கடி செத்தால் ‘நிஞ்ஜா டாக்’ என்ற எளிய நிலை வேண்டுமா என்று கேட்டு, ஏற்றுக்கொண்டால் கேலியும் செய்வார்கள். 2005இல் அது வேடிக்கையாக இருந்தது. இன்றைக்கு ஒரு கேம் அதைச் செய்தால் எப்படி இருக்கும் என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும்.

படி 9: மீதி விஷயங்கள், சுருக்கமாக

நீளம்: கேம் காட்டும் மணிக்கணக்கை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். ரைசிங் வந்தபோது ‘ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிட்டது’ என்று ஒரு சலசலப்பு எழுந்தது. அந்தக் கணக்கில் காட்சிகளும் தோற்ற முயற்சிகளும் சேர்வதில்லை. கடிகாரத்தைப் பார்த்து நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். குறுகிய கேம் என்பது தானாகக் குறை ஆகிவிடாது. இந்த வகையில் மறுபடி ஆடத் தூண்டுகிறதா என்பதுதான் கேள்வி. ரைசிங்கில் ஒவ்வொரு சண்டைக்கும் எஸ் முதல் டி வரை தரம் போடுவார்கள், அடிபடாமல் முடித்தால் தனிப் புள்ளி. அது பிடிக்காதவருக்கு ஒருமுறை விளையாடிவிட்டு மூடி வைக்கும் கேம்தான்.

கதை: சண்டைக்குக் குறுக்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சொன்னால் போதும். ரைசிங்கில் கோடெக் (காதுக்குள் கேட்கும் ரேடியோ) உரையாடல்கள் நடக்கும்போது ரைடன் காதில் கை வைத்துக்கொண்டு மெதுவாக நடப்பான். வேகத்துக்குப் பேர்போன கேமில் அது உறுத்துகிறது. போர்ப் பொருளாதாரம் பற்றி ஆம்ஸ்ட்ராங் பேசும் பேச்சு நீளமானது, பைத்தியக்காரத்தனமானது, தவறவிடக் கூடாதது.

கிராஃபிக்ஸ் பற்றி இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் அதைச் செய்துவிடும்.

படி 10: எழுதுவது

தீர்ப்பை முதல் பத்தியிலேயே வையுங்கள். கடைசி வரை காக்க வைப்பது சினிமாவுக்குச் சரி, காசு செலவழிக்கப் போகிறவருக்குச் சரியில்லை. அடுத்து தடுப்பு. அப்புறம் தாக்குதல், கேமரா, பாஸ்கள். மீதி எல்லாம் கடைசியில்.

பெயரடைகளை எடுத்துவிட்டு விரல் என்ன செய்கிறது என்பதை எழுதுங்கள். ‘சண்டை மிக வேகமாகவும் திருப்தியாகவும் இருக்கிறது’ என்ற வாக்கியம் எந்த கேமுக்கும் ஒட்டும். ‘சிவப்பு மின்னியதும் பின்வாங்க நினைக்கிறோம், கேமோ அவனை நோக்கியே ஸ்டிக்கைத் தள்ளச் சொல்கிறது’ என்பது ரைசிங்குக்கு மட்டும்தான் ஒட்டும். உங்கள் வாக்கியத்தில் கேமின் பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

சாவுக் கணக்கிலிருந்து ஒன்றிரண்டு வரிகளை அப்படியே எடுத்துப் போடலாம், ஆதாரமாக நிற்கும். வீடியோத் துண்டு சேர்ப்பதாக இருந்தால் நீங்கள் ஜெயித்த இடத்தைப் போடாமல், ‘கேம்’ என்று குறித்த ஒரு சாவையும் ‘நான்’ என்று குறித்த ஒரு சாவையும் அடுத்தடுத்துப் போடுங்கள். மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால் போடுங்கள், ஆனால் யாருக்கு என்பதோடு சேர்த்துப் போடுங்கள். என் கணக்கில் ரைசிங், அடிபட்டுக் கற்றுக்கொள்ளப் பொறுமை உள்ளவருக்கு 9. கதைக்காக மெட்டல் கியர் பக்கம் வந்து, சண்டையை எளிய நிலையில் தாண்டிவிடலாம் என்று நினைப்பவருக்கு 6.

வெளியிடும் முன், எந்தப் பதிப்பு, எந்தக் கடினநிலை, எந்த பேட்ச் (திருத்தப் புதுப்பிப்பு) வரை ஆடினீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். பிறகு அந்த கேமைத் தொட்டே பார்க்காத நண்பர் ஒருவரிடம் எழுதியதைப் படிக்கக் கொடுத்துவிட்டு, ‘எதிரியிடம் சிவப்பு மின்னினால் நீ என்ன செய்வாய்?’ என்று கேளுங்கள். ‘அவன் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளி அடிப்பேன்’ என்று யோசிக்காமல் சொன்னால் வெளியிட்டுவிடலாம். தலையைச் சொறிந்தால் படி 4ஐப் பற்றி எழுதிய பத்தியை மறுபடி எழுத வேண்டியதுதான்.